ஆர்டர் அட்டவணையில் பயிற்சிக்கும் ஒரு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் நிலவும் ஆள் பற்றாக்குறை பற்றியும், புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்க அரசும் தொழில் அமைப்புகளும் எடுத்துவரும் முயற்சிகள் பற்றியும் நாளிதழ்களில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. எத்தனை பேருக்குப் பயிற்சி தரப்பட்டது, எத்தனை சான்றிதழ்கள் வழங்கப்பட்டன, எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது என்ற விவரங்கள் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்தப் பயிற்சி எந்த வேலைக்கு, எந்த ஆர்டருக்கு, எந்தத் தேதிக்குள் தேவைப்பட்டது என்பதை மட்டும் எந்தச் செய்தியிலும் காண முடிவதில்லை. ஏற்றுமதி நிறுவனங்களின் தையல் பிரிவில் உற்பத்தித் திட்டமிடும் வேலையில் நீண்ட காலம் இருந்து வருபவன் என்ற முறையில், இந்த விடுபடல்தான் நம் பயிற்சிகள் பலன் தராமல் போவதற்கு முதற்காரணம் என்று கருதுகிறேன். இது குறித்துச் சற்று விரிவாக எழுதத் தங்கள் பத்தியில் இடம் வேண்டுகிறேன்.

இப்போது பெரும்பாலான பனியன் கம்பெனிகளில் பயிற்சி எப்படித் திட்டமிடப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டின் தொடக்கத்தில் மனிதவளப் பிரிவு ஒரு பயிற்சி நாட்காட்டி தயாரிக்கிறது. ஒரு மாதம் தீயணைப்பு, அடுத்த மாதம் முதலுதவி, அதற்கடுத்த மாதம் தரக் கட்டுப்பாடு, பிறகு பணியிடத் தூய்மை என்று தலைப்புகள் வரிசையாக அமைகின்றன. குறிப்பிட்ட நாளில் ஒரு லைனை, அதாவது ஒரே உடையைப் பகுதி பகுதியாகத் தைக்கும் மெஷின் வரிசையை, நிறுத்தி, அதில் வேலை செய்யும் அனைவரையும் உணவுக்கூடத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசி, வருகைத் தாளில் கையொப்பம் வாங்கி, புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்க்கிறார்கள். உடைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனமான பையரின் சார்பில் தணிக்கைக்கு வருபவர் கேட்கும்போது அந்தக் கோப்பைக் காட்டுகிறார்கள். பாதுகாப்புப் பயிற்சிகள் கட்டாயம் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987 இல் சேர்க்கப்பட்ட 111ஏ பிரிவு, உடல்நலம், பாதுகாப்பு தொடர்பான பயிற்சியைத் தொழிலாளியின் உரிமையாகவே எழுதி வைத்தது. அவற்றைக் குறைக்கச் சொல்வது என் நோக்கமன்று. நான் பேசுவது தொழில் திறனுக்கான பயிற்சியைப் பற்றி. அதையும் இதே நாட்காட்டியில், இதே முறையில், எல்லோருக்கும் ஒன்றாக நடத்திவிடலாம் என்று நினைப்பதே தவறு.

ஒரு சாதாரண அரைக்கை ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். கட்டிங் மேசையிலிருந்து பண்டிலாகக் கட்டி வரும் துணி தையல் லைனில் நுழைந்ததும், முதலில் ஓவர்லாக் மெஷினில் தோள் மூட்டப்படுகிறது. அதற்குள் இன்னொரு மேசையில் கழுத்து ரிப் என்ற நெகிழும் பட்டி வளையமாகத் தைக்கப்பட்டுத் தயாராகிறது. ரிப்பைக் கழுத்தில் ஏற்றிய பிறகு பின்கழுத்துக்கு டேப் வைத்துத் தைக்கிறார்கள். கையின் ஓரம் பேட்லாக் மெஷினில் மடித்துத் தைக்கப்பட்டு, கை உடம்புடன் ஏற்றப்படுகிறது. சைடு மூட்டும்போதே வாஷ் கேர் லேபிள் உள்ளே போகிறது. கடைசியாகப் பாட்டம் மடிப்பு. இதற்கிடையே பீஸை அடுக்கவும், நூல் வெட்டவும், திருப்பிக் கொடுக்கவும் கைமடிகள் எனப்படும் உதவியாளர்கள் இருக்கிறார்கள். பின்பு செக்கிங், அயர்னிங், பேக்கிங். கடையில் முப்பது நொடியில் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடும் ஓர் உடையில் இத்தனை கைகள் இத்தனை வரிசையில் பட வேண்டியிருக்கிறது. இந்த வரிசையைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் எந்த மெஷின், எவ்வளவு நேரம், யார் என்று குறிப்பதுதான் பணி ஓட்டப் பகுப்பாய்வு. நிறுவனங்களில் இதை ஆப்பரேஷன் புல்லட்டின் என்கிறோம். விலை கணக்கிடவும் மெஷின் ஒதுக்கவும் இந்தத் தாளைப் பயன்படுத்துகிறோமே தவிர, பயிற்சியைத் தீர்மானிக்க அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒரு லைனில் எட்டு மணி நேரத்தில் 600 பீஸ் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். அதாவது 48 நொடிக்கு ஒரு பீஸ் வெளியே வர வேண்டும். பின்கழுத்து டேப் வைப்பதில் கைதேர்ந்த பெண் ஒருவர் அதை 45 நொடியில் முடிக்கிறார். அந்த லைனில் அந்த வேலை அவருக்கு மட்டுமே தெரியும். அவர் ஊருக்குப் போய்விட்டால் அவ்விடத்தில் உட்காரும் மற்றொருவருக்கு ஒரு பீஸுக்கு 75 நொடி ஆகிறது. அன்று அந்த லைனிலிருந்து 384 பீஸுக்கு மேல் வராது. தோள் மூட்டுபவரும் கை ஏற்றுபவரும் எவ்வளவு திறமையாகத் தைத்தாலும் அவர்கள் தைத்தவை டேப் மேசைக்கு முன்னால் பண்டில் பண்டிலாகக் குவியுமே தவிர, பெட்டிக்குள் போகாது. நாளொன்றுக்கு 216 பீஸ் வீதம் நான்கு நாளில் 864 பீஸ் குறைகிறது. சூப்பர்வைசர் இரவு வேலை கேட்கிறார். சோர்ந்த கையால் தைத்ததில் ஆல்டர், அதாவது பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ், பெருகுகிறது. செக்கிங்கில் மீண்டும் நேரம் போகிறது. அந்த லைனுக்கு அந்த மாதம் தேவைப்பட்ட திறன் பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: இன்னும் இருவருக்குப் பின்கழுத்து டேப் வைக்கக் கற்றுக் கொடுப்பது. ஆனால் நாட்காட்டியின்படி முப்பது பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தரம் பற்றிய பொதுவான உரை ஒன்றைக் கேட்டிருப்பார்கள். முப்பது மனித மணி நேரம் செலவாகியும் டேப் மேசையில் எதுவும் மாறியிருக்காது.

இதற்கான தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பழகிய ஆட்கள் போர்முனைக்குச் செல்ல, அதுவரை தொழிற்சாலையையே பார்த்திராதவர்கள் அவர்கள் இடத்திற்கு வந்தபோது, 1940 முதல் 1945 வரை அந்நாட்டு அரசு நடத்திய தொழிலகப் பயிற்சித் திட்டம் இதே சிக்கலைத்தான் எதிர்கொண்டது. அத்திட்டம் தொழிலாளர்களை நேரடியாக வகுப்பில் உட்கார வைக்கவில்லை. சூப்பர்வைசர்களைப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகச் சேர்த்து, இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகளில், கற்றுக் கொடுப்பது எப்படி என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதில் சூப்பர்வைசர் செய்ய வேண்டிய முதல் வேலையே ஒரு பயிற்சிக் கால அட்டவணை போடுவது. ஒரு தாளின் மேற்புறம் ஆட்களின் பெயர்கள், இடப்புறம் வேலைகளின் பெயர்கள். யாருக்கு எது தெரியுமோ அங்கே ஒரு குறி. யாருக்கு எது தெரிய வேண்டுமோ அந்தக் கட்டத்தில் ஒரு தேதி. யார் விலகப் போகிறார், எந்த வேலை கூடப் போகிறது, எங்கே சேதாரம் அதிகம் என்பவற்றைப் பார்த்து அந்தத் தேதிகளை இட வேண்டும். போர் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் சான்று பெற்றனர். போருக்குப் பின் அது ஜப்பானுக்குச் சென்று டொயோட்டா போன்ற நிறுவனங்களின் பணிமுறையில் வேர்விட்டது. ஒரு தாளும் ஒரு பேனாவும் போதுமான இம்முறையை நாற்பது மெஷின் வைத்திருக்கும் ஒரு சிறிய யூனிட்டும் நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

நம் நிறுவனங்களிலும் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்ற பெயரில் இத்தகைய அட்டவணை சுவரில் தொங்குவதை நான் மறுக்கவில்லை. யாருக்கு என்ன தெரியும் என்று அதில் இருக்கிறது. தெரியாததை எந்தத் தேதிக்குள் யார் கற்றுக் கொடுப்பது என்பது இல்லை. தேதி இல்லாத அந்த அட்டவணை தணிக்கைக்குக் காட்டப் பயன்படலாம், லைனை நடத்த உதவாது.

வேலையைப் பிரித்துப் பார்ப்பது நேரத்தை அளப்பதோடு முடிவதுமில்லை. கழுத்து ரிப் ஏற்றுவதைக் கவனியுங்கள். ரிப் வளையம் கழுத்துச் சுற்றளவைவிடச் சிறியதாகவே வெட்டப்படுகிறது. அதை இழுத்துப் பிடித்துத் தைத்தால்தான் தைத்து முடித்த பின் கழுத்தோடு படிந்து நிற்கும். அந்த இழுப்பு நான்கு கால்பகுதிகளிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆகவே வளையத்தையும் கழுத்தையும் நான்காக மடித்துக் குறியிட்டு, ரிப்பின் மூட்டு சாம்பிளில் உள்ளபடி தோள் மூட்டுக்கு அருகே பின்பக்கமாக வருமாறு வைத்து, ஒவ்வொரு குறியும் சேரும் இடத்தில் கையை நிறுத்திப் பார்த்துத் தொடர வேண்டும். புதிதாக வருபவர் தொடக்கத்தில் தாராளமாக விட்டு, முடிவில் மிச்சம் வந்துவிட்டதே என்று இழுத்துத் தைப்பார். முன்கழுத்து ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் அலையலையாக நிற்கும். ‘பார்த்துத் தை’ என்று சூப்பர்வைசர் பத்து முறை சொன்னாலும் அது சரியாகாது. எங்கே கையை நிறுத்த வேண்டும், ஏன் நிறுத்த வேண்டும் என்ற இரண்டையும் சொன்னால் சரியாகிவிடும். இத்தகைய முக்கியமான இடங்கள் ஒரு வேலைக்கு மூன்றோ நான்கோதான் இருக்கும். கைதேர்ந்த டெய்லரை அருகில் உட்கார வைத்து அவர் செய்வதைப் பார்த்து அவற்றை எழுதிக்கொள்வதுதான் பயிற்சிப் பாடத்தின் கரு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம்முடன் வேலை செய்பவர்களுக்குத் தமிழில் நீண்ட விளக்கம் தருவதைவிட, ஒரு கழுத்தின் நான்கு நிலைகளையும் தனித்தனியே தைத்து ஒரு அட்டையில் வரிசையாகக் குத்தி, தவறாகத் தைத்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவது பலமடங்கு பயன் தருவதை நான் கண்டிருக்கிறேன்.

இனி, தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவே இக்கடிதத்தின் மையப் பொருள். ஒவ்வொரு ஏற்றுமதி ஆர்டருக்கும் அதை ஒருங்கிணைக்கும் மெர்ச்சண்டைசர் ஒரு டைம் அண்ட் ஆக்ஷன் காலண்டர் போடுகிறார். நூல் வாங்குவது, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், லேபிள், பட்டன் வரவு, பையரின் சாம்பிள் ஒப்புதல், கட்டிங், தையல், பேக்கிங், ஆய்வு, ஷிப்மெண்ட் என்று எல்லாவற்றுக்கும் அதில் தேதி இருக்கிறது. ஒரு அட்டைப் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கருக்குக் கூடத் தேதி இருக்கிறது. அந்த உடையைத் தைக்கப் போகிறவர் அதைத் தைக்கக் கற்று முடிக்க வேண்டிய தேதி மட்டும் இல்லை. துணி வந்தால் தையல் தானாக நடந்துவிடும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. வழக்கமாக ரவுண்ட் நெக் தைக்கும் ஒரு யூனிட்டுக்கு முதன்முறையாக ஒரு போலோ டி-ஷர்ட் ஆர்டர் வருகிறது. ஆர்டர் உறுதியான நாளிலிருந்து ஷிப்மெண்ட்டுக்கு 90 நாள். காலரும், கழுத்துக்குக் கீழே பட்டன் வைக்கும் திறப்பான பிளாக்கெட்டும் அந்த யூனிட்டுக்குப் புதியவை. பிளாக்கெட் தைப்பது எளிதன்று. நேர்த்தையல் போடும் சிங்கர் மெஷினில் பட்டியை இரு பக்கமும் தைத்த பின், நடுவே வெட்டி, அடிமுனையில் இரு மூலைகளுக்கும் சாய்வாகக் கத்தரி போக வேண்டும். கத்தரி ஒரு நூல் அளவு கூடப் போய்விட்டால் மூலையில் ஓட்டை. ஒரு நூல் அளவு குறைந்தால் திருப்பும்போது சுருக்கம். ஓட்டை விழுந்தால் முன்பாகத்தையே மாற்ற வேண்டும், அதே டையிங் லாட்டில் துணி இருந்தாக வேண்டும். இந்த வேலையை மூன்று டெய்லர்கள் கற்க வேண்டியிருக்கிறது. தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் வேகமும் கைப்பக்குவமும் வர நான்கு வாரம், அதாவது 28 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். துணி தயாராகிக் கட்டிங் முடிந்து தையல் தொடங்க வேண்டியது 53 ஆம் நாள். அப்படியானால் பயிற்சி அதிகபட்சம் 25 ஆம் நாளில் தொடங்கியாக வேண்டும். பேட்டர்ன் முடிவாகி ஆப்பரேஷன் புல்லட்டின் கைக்கு வருவது எட்டாம் நாள் என்றால், அன்றே கூடத் தொடங்கலாம். எட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையே 17 நாள் கையில் இருக்கிறது. அந்தப் பதினேழு நாளும் நூல் விலை, சாயத்தின் நிறச்சாயல், பையரின் மின்னஞ்சல் என்று மற்ற கவலைகளில் கரைந்துபோகின்றன. டையிங்கிலிருந்து துணி வரத் தொடங்கும் 45 ஆம் நாளில்தான் ‘பிளாக்கெட் யார் தைப்பார்கள்’ என்ற கேள்வி எழுகிறது. அன்று தொடங்கினால் பயிற்சி முடிவது 73 ஆம் நாள். தையல் இருபது நாள் பின்தங்குகிறது.

திட்டமிடலில் இதைத்தான் கிரிட்டிகல் பாத் என்கிறோம்: எந்த வேலைத் தொடர் ஒரு நாள் தாமதமானாலும் முழுத் திட்டமும் ஒரு நாள் தாமதமாகுமோ அந்தத் தொடர். 1957 இல் அமெரிக்காவின் டூபான்ட் இரசாயன நிறுவனத்துக்காக மார்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் இதை வகுத்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை தனது போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் என்ற இதே வகையான முறையை உருவாக்கியது. நம் ஊரில் இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. மெர்ச்சண்டைசர் இப்போது பயன்படுத்தும் அதே எக்செல் தாளில் ‘பயிற்சி’ என்று ஒரு வரியைச் சேர்த்து, தையல் தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் போதும். பயிற்சி முதலில் கிரிட்டிகல் பாத்தில் இருப்பதில்லை. தள்ளிப்போடுவதால்தான் அதில் போய் உட்காருகிறது. அப்போது நிறுவனத்துக்கு இரண்டே வழிகள் எஞ்சுகின்றன. ஒன்று, வெளியே கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிளுக்குக் கொடுத்து, தரத்தைப் பற்றிய அச்சத்தோடு காத்திருப்பது. மற்றொன்று, கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்பி அந்த ஆர்டரின் இலாபத்தை முழுவதுமாக இழப்பது. இரண்டில் எதற்கு ஆகும் செலவும் மூன்று டெய்லர்களுக்கு நான்கு வாரம் கற்றுக் கொடுக்கும் செலவைவிடப் பெரியது என்பதை எந்த முதலாளியும் ஒப்புக்கொள்வார்.

பயிற்சிக்குத் துணி எங்கே என்று கேட்பார்கள். கட்டிங் மேசையில் மிஞ்சும் எண்ட் பிட்டுகளே போதும். முதல் வாரம் எந்தத் துணியிலும் பழகலாம். இரண்டாம் வாரத்திலிருந்து மட்டும் ஆர்டருக்குரிய எடையும் நெகிழ்வும் உள்ள துணி வேண்டும், ஏனென்றால் டி-ஷர்ட்டுக்கான சிங்கிள் ஜெர்சி துணியில் பழகிய கை போலோவுக்கான பிகே துணியில் மீண்டும் தடுமாறும். ஆகவே சாம்பிளுக்கு நிட்டிங் செய்யும்போதே பயிற்சிக்கென்று சில கிலோவைச் சேர்த்து ஓட்டச் சொல்லிவிட வேண்டும். அட்டவணையில் பயிற்சிக்கு ஒரு வரி இருந்தால் இந்தச் சில கிலோவும் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் வராது.

இவ்வளவு சொன்ன பிறகும் தொழிலாளியின் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இக்கடிதம் பாதிதான். திருப்பூரில் பலர் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறார்கள். ‘இரண்டு மணி நேரம் பிளாக்கெட் பழகு’ என்று ஒரு டெய்லரைக் கூப்பிட்டால் அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் தைத்திருக்கக்கூடிய பீஸின் கூலி போய்விடும். சனிக்கிழமை சம்பளக் கவரில் குறையும் தொகை அவர் வீட்டு வாடகையிலோ பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலோ இடிக்கும். அவர் பயிற்சிக்கு வரத் தயங்குவதை ஆர்வமின்மை என்று சொல்வது நியாயமன்று. பயிற்சி நேரத்துக்கு அவரது முந்தைய வாரங்களின் சராசரி வருமானத்தைக் கணக்கிட்டு முழுமையாகக் கொடுக்க வேண்டும். அதை நிர்வாகச் செலவில் மறைக்காமல் ஆர்டரின் விலைக் கணக்கிலேயே நூலுக்கும் சாயத்துக்கும் அருகில் ஒரு செலவாகக் காட்ட வேண்டும். அதேபோல, கைமடியாகச் சேர்ந்த பெண் ஒருவர் ஓவர்லாக் கற்றுக்கொண்ட மறுநாளும் கைமடிச் சம்பளமே வாங்கினால் அடுத்த தெருவில் உள்ள கம்பெனிக்குப் போவார். போவதில் தவறும் இல்லை. ‘நாங்கள் கற்றுக் கொடுக்கிறோம், பக்கத்துக் கம்பெனி கூட்டிப் போகிறது’ என்று முதலாளிகள் சொல்லும் குறையில் உண்மை உண்டு. ஆனால் கற்று முடிக்கும் தேதிக்கு எதிரே புதிய சம்பளம் தொடங்கும் தேதியையும் அதே தாளில் எழுதிவைத்த நிறுவனங்களில் ஆட்கள் நிலைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சூப்பர்வைசர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று உலகெங்கும் திட்டமிடுபவர்கள் பயன்படுத்தும் கோட்டு அட்டவணைக்குப் பெயர் கொடுத்த அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட், அட்டவணைக்காக மட்டும் நினைக்கப்பட வேண்டியவர் அல்லர். நூறாண்டுகளுக்கு முன்பே, தொழிலாளர்களுக்கு வேலையைக் கற்றுக் கொடுப்பது மேற்பார்வையாளரின் முதற்கடமை என்று வலியுறுத்தினார். நிர்ணயித்த அளவை எட்டிய ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஊக்கத்தொகை தந்ததோடு, அவரை அங்கே கொண்டுவந்த மேற்பார்வையாளருக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தந்தார்; எல்லோரும் எட்டிவிட்டால் அத்தொகை இன்னும் கூடும். நம்மிடம் சூப்பர்வைசர் அன்றன்றைய பீஸ் எண்ணிக்கைக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர். புதியவர் ஒருவரை உட்கார வைத்தால் அன்றைய எண்ணிக்கை குறையும். எனவே தெரிந்தவரையே அதே இடத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார். அவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவரிடம் நாம் கேட்கும் கணக்கு அப்படிப்பட்டது. தன் லைனில் ஒவ்வொரு கடினமான வேலைக்கும் மூன்று பேராவது தயாராக இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டால் அவரும் அதற்கேற்ப நடப்பார்.

ஆண்டின் எந்த மாதங்களில் ஆள் குறையும் என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தென்மாவட்டத்தார் ஊருக்குப் போவார்கள். ஹோலிக்கும் சாத் பூஜைக்கும் வடமாநிலத்தார் போவார்கள், அவர்கள் மாநிலத்தில் தேர்தல் என்றாலும் போவார்கள். போகிறவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வரமாட்டார்கள், வருகிறவர்களும் சொன்ன நாளில் வரமாட்டார்கள். இவற்றின் தேதிகள் நாட்காட்டியில் முன்பே இருப்பதால், அந்த வாரங்களில் லைனில் நிற்கப்போகும் உள்ளூர்ப் பெண்களுக்கு எந்த இரண்டாவது வேலையைக் கற்றுத் தர வேண்டும் என்பதை ஒன்றரை மாதம் முன்னதாகவே முடிவு செய்ய முடியும். இப்போது நாம் செய்வது, பண்டிகை முடிந்து மெஷின்கள் காலியாக நிற்கும்போது பயிற்சி பற்றிக் கூட்டம் போடுவது.

அரசுத் திட்டங்களைப் பற்றிய என் கோரிக்கையோடு முடிக்கிறேன். ஜவுளித் துறைக்கென்று மத்திய அரசு 2017 இல் 1,300 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்த சமர்த் திட்டமும், தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகளும் பல இளைஞர்களை இத்தொழிலின் வாசல் வரை கொண்டுவந்திருக்கின்றன. அந்த நன்மையை மறைக்கக் கூடாது. சமர்த் திட்டத்தில் ஆதார் வழியான வருகைப் பதிவும், பயிற்சி பெற்றவர்களில் குறிப்பிட்ட விழுக்காட்டினருக்கு வேலை என்ற நிபந்தனையும் உள்ளன. இவை முறைகேட்டைத் தடுக்கும். ஆனால் வருகை தந்தவர் எந்த வேலையைக் கற்றார், அந்த வேலைக்கு அந்த ஊரில் அந்தக் காலாண்டில் ஆள் தேவைப்பட்டதா என்பதை இவற்றால் அறிய முடியாது. ‘தையல் மெஷின் ஆப்பரேட்டர்’ என்ற சான்றிதழோடு வரும் இளைஞருக்கு நேர்த்தையல் தெரிந்திருக்கிறது. லைனில் காலியாக இருப்பதோ பேட்லாக்கில் பாட்டம் மடிக்கும் இடம். அவரை மீண்டும் முதலிலிருந்து பழக்க வேண்டியிருப்பதால் கைமடியாகப் போடுகிறார்கள். சான்றிதழ் வாங்கியவர் நூல் வெட்டிக்கொண்டு சில வாரம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார்.

இதைத் தவிர்க்க நிறுவனத்திலேயே பயிற்சி அளிக்க நிதி கோரும் விண்ணப்பத்தோடு இரண்டு தாள்களை இணைக்கச் சொன்னால் போதும். ஒன்று, அந்த யூனிட்டின் வேலைவாரித் திறன் அட்டவணை, எந்த வேலைக்கு எத்தனை பேர் குறைவு என்று காட்டுவது. மற்றொன்று, அடுத்த ஆறு மாதத்தில் தையலுக்கு வரவிருக்கும் உடை வகைகளும் அவற்றின் தையல் தொடங்கும் தேதிகளும். பையரின் பெயரோ விலையோ தேவையில்லை. பயிற்சி முடிந்ததும் சரிபார்க்க வேண்டியது, அந்த அட்டவணையில் எத்தனை காலிக் கட்டங்கள் நிரம்பின என்பதையே. இவற்றைத் தாமாகத் தயாரிக்க இயலாத ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் பவர் டேபிள்களும் திருப்பூரில் ஏராளம். அவர்களிடம் தொழிற்பொறியியல் பிரிவு என்ற ஒன்றே கிடையாது. திருப்பூரிலேயே உள்ள நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியின் மாணவர்களும், சுற்றுவட்டாரப் பாலிடெக்னிக் மாணவர்களும் தங்கள் திட்டப்பணியின் பகுதியாக ஆளுக்கு ஒரு சிறிய யூனிட்டை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் அங்கே நின்று நேரம் அளந்து, இவ்விரு தாள்களையும் தயாரித்துக் கொடுக்க முடியும். மாணவர்களுக்கு உண்மையான லைனில் நிற்கும் வாய்ப்பு கிடைக்கும். யூனிட்டுக்கு எந்த மேசையில் இடறுகிறது என்பது முதன்முறையாக எழுத்தில் தெரியும். 1956 முதல் கோவையில் இயங்கிவரும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா நூற்பாலைகளுக்கு வேலை அளவீட்டிலும் தொழிலாளர் பயிற்சியிலும் நெடுங்காலமாக வழிகாட்டி வருகிறது. அந்த அனுபவத்தைக் கொண்டு பின்னலாடைத் தையலுக்கும் ஒரு பொதுவான அளவீட்டுப் படிவத்தை வகுத்துத் தருமாறு மாவட்ட நிர்வாகமும் ஏற்றுமதியாளர் சங்கமும் சிட்ராவைக் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த நிதியாண்டுக்கான பயிற்சி ஒதுக்கீடுகள் முடிவாகும் முன் இதற்கென ஒரு கூட்டத்தைத் திருப்பூரில் கூட்டி, அதில் முதலாளிகளோடு சூப்பர்வைசர்களையும், பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்களையும், வடமாநிலத் தொழிலாளர்களின் பிரதிநிதிகளையும் அழைக்குமாறு மாவட்ட ஆட்சியரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
உற்பத்தித் திட்டப் பிரிவு அலுவலர்,
திருப்பூர்.